செண்பகவல்லியின் துணைத்தேற்றம்

சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று சொல்வது என் வேலை. கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் அரசாங்க வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு, கதவில் ‘முனைவர் ச. கிருபாகரன், துணைப் பயிற்றுநர்’ என்று பித்தளைப் பலகையும் உண்டு. ஆற்காட்டில் இருக்கும் என் அம்மா அந்தப் பலகையின் போட்டோவைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள். பிள்ளை ஏலகிரி மலையில் உட்கார்ந்து மேதைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறான் என்று அவளுக்கு நினைப்பு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மேதைகள் வருவது உண்மைதான். ஒவ்வொரு மே மாதமும் இருபத்து நான்கு பேர். எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குள். பகா எண்கள் எண்வரிசையில் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று ஆராயும் பகுமுறை எண்கோட்பாட்டில் ஐந்து வார உயர்பயிற்சி முகாம். ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டு வந்து சேருவார்கள். இரண்டு நாளில் தெளிந்துவிடுவார்கள். காலையில் இரண்டு வகுப்பு. நாலு மணிக்கு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். அதற்குப் பிறகு நடப்பதை நாங்கள் ‘உடைக்கும் நேரம்’ என்போம்.

உடைக்கும் நேரம் என்பது இதுதான். யாராவது ஒருவர் தன்னுடைய அரைகுறை வேலையைக் கரும்பலகையில் எழுதுவார். மற்ற இருபத்து மூன்று பேரும் ஆளுக்கொரு கல்லை எடுத்து எறிவார்கள். இந்த வரி எப்படி வந்தது, அந்தப் பிழை உறுப்பு ஏன் சின்னது, இங்கே ஏன் வகுத்தாய். தாங்கினால் கைதட்டு. உடைந்தால் சிரிப்பு. மறுநாள் உடைந்தவனே வேறொருவன்மேல் கல் எறிவான். யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தத் துறைக்கு வந்தேன் என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

கூரையில் ஒரு கேமரா இருக்கும். வகுப்பைப் பதிவு செய்வதற்கு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது எதையும் சேமிக்காது; பலகையைப் படித்து, என் போனுக்கு ஓர் எண்ணை மட்டும் அனுப்பும், புது எண் வந்தால் பழையது அழிந்துவிடும். அந்த எண்ணுக்குத் ‘தூரம்’ என்று பெயர். ஒரு குறிப்பிட்ட தேற்றத்திலிருந்து அந்தப் பலகை எத்தனை படி தள்ளி இருக்கிறது என்பதே அது. எண் ஏழுக்குக் கீழே இறங்கினால், பலகையில் எழுதியவரைத் திருப்பிவிட வேண்டும். எங்கள் பாஷையில் திருப்புவது என்றால், அந்த வழியில் இனி ஒருநாளும் போகாதபடி செய்வது.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கணிப்பொறி அந்தத் தேற்றத்தை நிரூபித்துவிட்டது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதைச் சில நிமிடத்தில் பகாக் காரணிகளாக உடைக்கும் வழி அதற்குள் இருக்கிறது. உலகத்தில் கணிப்பொறிகளைக் காக்கும் ரகசியப் பூட்டுகளில் பாதி, அப்படி உடைப்பது கடினம் என்பதை நம்பித்தான் தொங்குகின்றன. பூட்டை மாற்றினால் போயிற்று என்றார்கள். மாற்றினார்கள். புதுப் பூட்டுகளும் அதே சாவிக்குத் திறந்தன. கடைசியில் எல்லா நாடுகளும் கூடிப் பேசி, நிரூபணத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, இயந்திரங்களுக்கெல்லாம் கடிவாளம் போட்டுவிட்டன. மனித மூளைக்குத்தான் கடிவாளம் போட முடியவில்லை. அதற்குத்தான் இந்த முகாம். யார் அந்தப் பக்கம் போகக்கூடும் என்று பார்க்க வேண்டுமானால், போகக்கூடியவர்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்டி, சோறு போட்டு, நன்றாகச் சொல்லியும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதானே சுலபம்.

செண்பகவல்லிக்கு இருபத்திரண்டு வயது. கோவில்பட்டி. அம்மா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார், அப்பா இல்லை. முதல் நாளே ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய சாத்தூர் காராச்சேவு கொண்டுவந்து, இயக்குநரிலிருந்து சமையல்கட்டு வரை எல்லோருக்கும் ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்தாள். பலகையில் எழுதும்போது அவளுக்கு ஒரு பழக்கம். எண்களோடு பேசுவாள். ஆட்டை மந்தையில் சேர்ப்பது மாதிரி ஒவ்வொரு உறுப்பையும் அதட்டி, தட்டிக்கொடுத்து, ஒரு பக்கமாக ஒதுக்குவாள்.

“நீ இங்கிட்டு வந்துரு. நீ எங்க ஓடுற? உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்.”

கொல்கத்தாப் பையன்கள் ஒரு வார்த்தை புரியாமல் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவள் அரைப் பலகை அளவுக்கு ஒரு துணைத்தேற்றத்தை எழுதினாள். துணைத்தேற்றம் என்பது பெரிய தேற்றத்துக்குப் போகும் வழியில் கால் வைக்கிற கல். காலையில் அவளுடைய தூரம் பத்தொன்பது. ஐந்து மணிக்கு நான் போனை எடுத்துப் பார்த்தேன். நாலு.

இருபத்து மூன்று பேரும் எறிந்து பார்த்தார்கள். ஒன்றும் உடையவில்லை. கைதட்டல் நிற்க ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் கை முழுக்கச் சாக்குப் பொடியோடு என்னைப் பார்த்து, “சார், நீங்க ஒண்ணும் கேக்கலையே” என்றாள். நாளைக்குக் கேட்கிறேன் என்றேன்.

இயக்குநர் மீனலோசனி மேடத்தின் அறைக்குப் போனேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை.

“நாலா?” என்றார்.

“நாலு மேடம்.”

“யாரு?”

“செண்பகவல்லி.”

“காராச்சேவு குடுத்துச்சே, அந்தப் பொண்ணா?” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நாளைக்கே திருப்பிடு. தள்ளிப் போடாத.”

“மேடம், அவகிட்ட உண்மையைச் சொல்லிட்டா என்ன? இப்படி ஒண்ணு இருக்கும்மா, வெளிய சொல்லாதன்னு கேட்டுக்கலாமே.”

“ஆரம்பத்துல அப்படித்தான் செஞ்சோம். ஆறு பேர்கிட்ட சொன்னோம். அஞ்சு பேர் வாயை மூடிக்கிட்டாங்க. ஆறாவது பையன் ரொம்ப யோசிச்சான். இவ்ளோ அழகான விஷயத்தை மறைக்கிறது பாவம்னு எழுதி, இணையத்துல போட்டுட்டான். பாதி நிரூபணம்தான் போட்டான். அந்தப் பாதிக்குத்தான் பதினோரு நாள்.”

பதினோரு நாள் என்றால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நகரம். யாரோ அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அதன் பூட்டுகளைத் திறந்துவிட்டார்கள். குடிநீரில் மருந்து கலக்கும் இயந்திரம், ஆஸ்பத்திரியில் மூச்சு கொடுக்கும் இயந்திரம், ரயில் சிக்னல், எதுவும் யார் பேச்சையும் கேட்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் பேர். அதில் மீனலோசனியின் தங்கையும் ஒருத்தி. அதை அவர் ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“இப்ப நாம செய்றதுல யாரும் சாகலப்பா” என்றார். “ஒரு பொண்ணு ஒரு தடவை தோத்துப் போகுது. அவ்ளோதான். வேற பக்கம் திரும்பும், நல்லா இருக்கும்.”

“நிரோஷன் நல்லா இல்ல மேடம்.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நிரோஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வவுனியாவிலிருந்து வந்தவன். நான் திருப்பிய முதல் ஆள். போன தீபாவளிக்கு அவன் அக்கா எனக்கு எழுதியிருந்தாள். ‘சேர், தம்பி இப்ப கணக்குப் பக்கமே போறதில்லை. வீட்டைப் பூட்டிப்போட்டு மூண்டு தரம் திரும்பி வந்து பார்க்கிறான். நீங்கள் ஒருக்காக் கதைச்சால் கேப்பான்.’ நான் கதைக்கவில்லை. என்ன முகத்தோடு கதைப்பது?

“சி எதைப் பொறுத்ததுன்னு கேளு” என்றார் மேடம். “அது போதும். மிச்சத்தை அவங்களே பாத்துக்குவாங்க.”

அந்தக் கேள்வியை மட்டும் விளக்கிவிடுகிறேன், கணக்குப் பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் எதையும் துல்லியமாகச் சொல்ல முடியாது. இந்தத் தொகை இன்னொரு தொகையைப்போல ‘சி’ மடங்குக்கு மேல் போகாது என்றுதான் எழுதுவோம். சி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் எல்லா எண்ணுக்கும் ஒரே சி-யாக இருக்க வேண்டும். எண் வளர வளரச் சத்தம் போடாமல் சி-யும் வளர்ந்தால் போட்ட கணக்கு அத்தனையும் பாழ். இந்தத் தவற்றைச் செய்யாதவர் எங்களில் ஒருவர்கூடக் கிடையாது. ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது, பத்துப் பேர் முன்னால், இதில் மாட்டி அவமானப்பட்டிருப்போம். அதனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் அவர் முகத்தில் ரத்தம் ஏறும். சூடு கண்ட பூனைகள் நாங்கள்.

புதன்கிழமை அவளைப் புங்கனூர் ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். படகுத்துறைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தோம். கேட்டேன்.

அவள் காது சிவந்துவிட்டது. நோட்டைப் பிரித்து, குனிந்து, கால் மணி நேரம் போட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இல்ல சார். சி எதையும் பொறுத்தது இல்ல. வெறும் நம்பர்தான். இந்தா பாருங்க, மூணாவது வரில எல்லாம் கழிஞ்சு போயிருது.”

பார்த்தேன். முதல் இரண்டு வரி புரிந்தது. மூன்றாவது வரியில் அவள் எதையோ ஒரு தாவு தாவியிருந்தாள். எனக்குப் பிடிபடவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் சரி என்று எனக்குத் தெரிந்தது போனில் வந்த நாலு என்ற எண்ணால் மட்டும்தான்.

மேடம் சொன்ன கேள்வி போதவில்லை. பொய்யை வாய்விட்டே சொல்ல வேண்டியிருந்தது.

“இதே வழில ஒருத்தர் ஏற்கெனவே போயிருக்காரும்மா. ரொம்பப் பெரிய எண்களுக்கு உடையுது. எதிர் உதாரணம் இருக்கு. இன்னும் வெளியிடல.”

“பாக்கலாமா சார்?”

“காட்டிட்டா அப்புறம் என்ன பயிற்சி? உன் தப்பை நீயே கண்டுபிடி.”

எங்கள் துறையில் இதைவிட நியாயமாகத் தொனிக்கும் வாக்கியம் கிடையாது. எல்லா ஆசிரியர்களும் சொல்வது. அவள் சரி சார் என்று நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். இல்லாத தப்பைத் தேடச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு, நான் படகுத்துறைக் கடையில் சுண்டல் வாங்கித் தின்றேன்.

நான்கு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் என் அறைக் கதவைத் தட்டினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“கண்டுபிடிச்சிட்டேன் சார். இங்க ரெண்டு எல்லையையும் முன்னப்பின்ன மாத்திப் போட்டிருக்கேன். அப்படி மாத்தக் கூடாதுல்ல? எப்படி இம்புட்டு நாள் கண்ணுல படாம போச்சுன்னு தெரியல.”

மாற்றலாம். அந்த இடத்தில் தாராளமாக மாற்றலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. “ஆமா, இதுதான்” என்றேன்.

“தேங்க்ஸ் சார்” என்றாள். மனதார நன்றி சொன்னாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

அதோடு நின்றிருந்தால் ஒருவேளை மேடம் சொன்னபடி நல்லா இருந்திருப்பாள். நிற்கவில்லை. அவள் எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு சின்ன ஆய்வுக்கட்டுரை எழுதி, அது ஒரு நல்ல இதழில் வந்திருந்தது. அதிலும் இதே மாதிரி எல்லைகளை மாற்றிய ஓர் இடம் உண்டு. இது தப்பு என்றால் அதுவும் தப்பு. அவள் தன் பேராசிரியருக்கு எழுதினாள். முகாமிலிருந்து போகும் கடிதங்கள் எல்லாம் எங்கள் கண்ணில் பட்டுவிட்டுத்தான் போகும். ‘ஐயா, என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். என்னால் உங்கள் பெயருக்கும் கெட்ட பெயர். மன்னிக்கவும். ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்குக் கொடுத்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.’ அந்தக் கட்டுரையை நான் வரி வரியாகப் படித்தவன். அதில் ஒரு புள்ளிகூடத் தப்பு இல்லை.

பிறகு ஒருநாள் உடைக்கும் நேரத்தில் அவளை வற்புறுத்திப் பலகைக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சமனிலியை எழுதினாள். எழுதிய ஒவ்வொரு வரியையும் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். எண்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கல் எறியவில்லை. சிரிக்கவும் இல்லை. என் போனில் தூரம் நாற்பத்து மூன்று என்று வந்தது. மேடம் அதைப் பார்த்து, “நல்லது, முடிஞ்சுது” என்றார்.

எனக்கு முடியவில்லை. முகாமின் கடைசி வாரம் முழுக்கச் சரியாகத் தூக்கமில்லை. நாலாயிரம் பேர் ஒரு பக்கம் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களின் முகம் எனக்குத் தெரியாது. இவள் முகம் தெரிகிறது. பூட்டை எல்லாம் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டும், நீ தப்புச் செய்யவில்லை என்று. சொன்னால் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். போகட்டும் என்று ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு பஸ். எட்டரைக்கு அவளை வகுப்பறைக்குக் கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லை. கேமரா இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

“செண்பகவல்லி, உன் துணைத்தேற்றம் சரி.”

அவள் லேசாகச் சிரித்தாள். “விடுங்க சார்.”

“நிஜமாச் சொல்றேன். அன்னைக்கு ஏரிக்கரைல நான் சொன்னது பொய். எதிர் உதாரணம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உன்னைத் திருப்பிவிடச் சொன்னாங்க, திருப்பிவிட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கணிப்பொறி, பெட்டிக்குள் இருக்கும் நிரூபணம், பூட்டுகள், பதினோரு நாள், கேமரா, தூரம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். காய்ச்சலில் கிடப்பவர் பிதற்றுவதை வீட்டு மனிதர்கள் கேட்பார்களே, அப்படிக் கேட்டாள்.

“சரி சார். அப்ப என் தப்பு? நானே கண்டுபிடிச்சேனே?”

“அது தப்பே இல்ல. அந்த இடத்துல எல்லையை மாத்தலாம்.”

“எப்படின்னு காட்டுங்க.”

சாக்குக்கட்டியை எடுத்தேன். முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரி எழுதினேன். மூன்றாவது வரிக்குக் கை போகவில்லை. அவள் அன்றைக்குத் தாவிய அந்த இடம். நினைவிலிருந்ததை எழுதினேன், பொருந்தவில்லை. அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். பத்து நிமிடம் போயிற்று. அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அந்த மூன்றாவது வரி மறந்துபோயிருந்தது. தப்பு என்று முடிவான அன்றே நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம்.

“இது சரின்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“போன்ல நம்பர் வந்துச்சு.”

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். “நாப்பத்து மூணுன்னுல்ல இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. “அன்னைக்கு நான் தப்புன்னு சொன்னப்ப எந்த நிரூபணமும் காட்டலியே. ஒரு வார்த்தைல நம்புனியே. இன்னைக்கு மட்டும் ஏன் கேக்குற?”

“தப்புன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் நிரூபணம்?” என்றாள். “தப்பா இருக்குமோன்னு எனக்கே உள்ளுக்குள்ள எந்நேரமும் ஒரு பயம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். நீங்க சொன்னீங்க, சரியாப் போச்சு. சரின்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும்.”

நான் சாக்குக்கட்டியை வைத்துவிட்டேன்.

“நீங்க நல்ல மனசுக்காரவுக சார்” என்றாள். “நான் மனசு ஒடஞ்சு போயிருவேன்னு இம்புட்டுப் பெரிய கதையைக் கட்டியாந்து சொல்றீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. அம்மா பி.எட். ஃபாரம் வாங்கி வச்சிருக்கு. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்க. சான்றிதழ்ல எனக்குச் சிறப்புத் தேர்ச்சின்னு போட்டிருக்காங்களாம். அதை எடுத்துரச் சொல்லுங்க. அம்மா அதைச் சட்டம் போட்டு நடுவீட்டுல மாட்டிரும். தெனமும் நான் அதைப் பாக்கணும்.”

பஸ் ஹாரன் அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, “வாரேன் சார்” என்று போனாள்.

நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். மேசைமேல் திரையில் காலி வகுப்பறையும், பலகையில் என் இரண்டு வரிகளும் தெரிந்தன. மீனலோசனி டீ குடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை.

“சொல்லிட்டல்ல? உட்காரு.”

“போலீஸைக் கூப்பிடுங்க மேடம்.”

“எதுக்கு? கடைசி நாள் காலைல வகுப்பறையைப் பூட்டாம விடச் சொன்னதே நான்தான். உன்கிட்ட யாரும் எந்த வேலையும் குடுக்கக் கூடாதுன்னும் சொல்லியிருந்தேன். மனசு கேக்காம போய்ச் சொல்லிடுற ஆளாப் பாத்துத்தான் இந்த வேலைக்கு எடுக்குறோம் கிருபா. சொல்லாம அனுப்புனாத்தான் நிரோஷன் மாதிரி பிள்ளைங்க ஊருக்குப் போய் நொறுங்கிப் போகுது. சொல்லி அனுப்புனா நம்பாது. ஆனா நம்ம மேல ஒருத்தருக்கு இரக்கம் இருந்துச்சுன்னு ஒரு நிம்மதியோட போகும்.” டீயை ஒரு மடக்கு குடித்தார். “நீ செஞ்சது சரிதான்.”

“செண்பகவல்லி நல்லா இருப்பாளா மேடம்?”

“நல்லா இருப்பா” என்றார் அவர், கடிதத்தை என் பக்கம் தள்ளியபடி.

எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நிரூபணம் கேட்கவில்லை.